‘எல்லாம் போச்சு’ என்றார் டாக்டர்

கர்ப்பப்பைப் புற்றுநோய்க் கிளினிக்கில் வேலை செய்கிற தாதியிடம் கல்யாண வீட்டில் யாரும் "வேலை எப்படிப் போகுது?" என்று கேட்பதில்லை, "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டிவிட்டுப் பாயச வாளியை அடுத்த வரிசைக்குக் கொண்டு போய்விடுகிறார்கள்.

எனக்குப் பாயசம் வேண்டும் ஐயா! பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்துகொண்டு, கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்தேழு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். இங்கே தாதி என்றால் நம் சனங்களுக்கு ‘மிஸ்ஸி’. சம்பளம் தாதிக்கு, வேலை தாதிக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சேர்த்து. டாக்டர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் சொல்வதும், நம் சனங்கள் தமிழில் அழுவதை ஆங்கிலத்தில் சொல்வதும் என் தலையில்தான் விழும். இதைப் படித்துத் தலையாட்டுகிறீர்கள் என்றால் நீங்களும் ஒரு தாதி, இல்லையென்றால் ஒரு தாதியைக் கட்டிக்கொண்டு அவதிப்படுகிறவர். உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

மற்றவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் கிளினிக்கில் அழுகை உண்டு, இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் சிரிப்பும் உண்டு. நம்பிக்கை வராவிட்டால் கிள்ளான் பாக்கியம் அக்காவின் கதையைக் கேளுங்கள்.

திரும்பி வந்த இளமை

பாக்கியம் அக்கா கிள்ளானில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பதினாலு பேர். ஐந்து வருஷத்துக்கு முன்னால் எங்களிடம் முதன்முதலாக வந்தபோது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. மாதவிலக்கு நின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. அப்புறம் மறுபடியும் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் பட ஆரம்பித்திருக்கிறது. இந்த அம்மா எட்டு மாதம் சும்மா இருந்திருக்கிறார்.

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ! மாதவிலக்கு நின்றுபோன பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் டாக்டரிடம் ஓடி வரவேண்டும் என்று நான் கோயில், பாசார், பஸ் ஸ்டாப் என்று பார்க்கிற இடத்திலெல்லாம் தொண்டை கிழியக் கத்துகிறவள். "ஏன்க்கா, எட்டு மாசம் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

அக்கா திரும்பித் தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். கோவிந்தன் அண்ணன் லோரி ஓட்டுகிறவர், ஆறடி ஆள். அவர் சட்டென்று கூரையில் ஓடுகிற காற்றாடியைப் பார்க்கத் தொடங்கினார். அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "எளம திரும்புதுன்னு நெனச்சிட்டோம் மிஸ்ஸி. இவருதான் ரொம்ப சந்தோஷப்பட்டாரு."

லிப்ட்டில் இல்லாத நம்பர்

பரிசோதனை முடிவெல்லாம் வந்தது. கர்ப்பப்பையில் ஆரம்பித்த நோய் வயிற்றுக்குள் இருக்கிற கொழுப்புத் திரைக்குப் போயிருந்தது. நுரையீரலிலும் ஒரு சின்னப் புள்ளி. எங்கள் பெரிய டாக்டர் சீனர், ஈப்போக்காரர், பொறுமைசாலி. அவர் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார், நான் தமிழில் அதைவிட மெதுவாகச் சொன்னேன். "ஸ்டேஜ் நாலுக்கா."

கோவிந்தன் அண்ணன் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். பாக்கியம் அக்கா மட்டும் நெற்றியைச் சுருக்கி எதையோ யோசித்தார். "நாலா? எங்க ப்ளாட்டுல நாலே கெடையாதே மிஸ்ஸி. மூணு, மூணு ஏ, அஞ்சு. நாங்க மூணு ஏ-லதான் இருக்கோம்."

உங்களுக்குத் தெரியாததா? நாலு என்றால் சீனர் வாயில் சாவு என்கிற மாதிரி ஒலிக்கும். அதனால் இங்கே பாதிக் கட்டடத்தில் நாலாவது மாடியே கிடையாது, மூணு ஏ என்று எழுதி வைத்திருப்பார்கள். நான் இதை ஆங்கிலத்தில் சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கொண்டோ அடுக்குமாடியில் அவர் வீடு இருப்பதும் மூணு ஏ-தானாம். அவர் சிரிப்பதைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது, கோவிந்தன் அண்ணன்கூடக் கைக்குட்டையை எடுத்துவிட்டார். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "அப்ப எனக்கும் மூணு ஏ-ன்னே வச்சிக்குங்க டாக்டர். அங்கேருந்து லிப்ட்டு மேலயும் போகும், கீழயும் போகும்."

ஒண்ணாம் வகுப்பு வேண்டாம்

டாக்டர் போட்ட திட்டம் இது: முதலில் மூன்று தடவை கீமோ மருந்து. மருந்துக்கு நோய் அடங்கினால் ஆப்பரேஷன். அதற்குப் பிறகு மறுபடியும் மருந்து. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எத்தன வருசம் டாக்டர்?" டாக்டர் பொய் சொல்கிற ஆள் இல்லை. நோய் பரவிய பிறகு பலருக்கு நாள் குறைவு, சிலர் நன்றாக நாள் கடத்துகிறார்கள், நீங்கள் எந்தப் பக்கம் என்று இன்றைக்கு என்னால் சொல்ல முடியாது என்றார். அதையும் நான்தான் தமிழில் சொன்னேன்.

வெளியே வந்து இரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்கும்போது அக்காவின் போன் அடித்தது. யாரோ ஒரு தாய், வருகிற வருஷம் ஒண்ணாம் வகுப்புப் போகிற பிள்ளைக்கு வேனில் இடம் கேட்கிறார். "இல்லம்மா, வேன் ஃபுல்லு. வேற ஆளப் பாத்துக்கம்மா" என்று வைத்துவிட்டார். வருஷக் கடைசியில் ஆறாம் வகுப்பு முடித்து மூன்று பேர் இறங்கப் போகிறார்கள் என்று கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் என்னிடம் சொல்லியிருந்தார். "ஏன்க்கா பொய் சொல்றீங்க?" என்றேன்.

இருபது வருஷமாக வேன் ஓட்டுகிறார், அவருக்கு ஒரு சட்டம் உண்டு. ஒண்ணாம் வகுப்பில் ஏற்றின பிள்ளையை ஆறாம் வகுப்பு முடிகிற வரைக்கும் அவரே கொண்டுபோய் விடுவார். யாருக்கும் கை மாற்றிவிட்டது கிடையாது. அப்போது வேனில் கடைசியாக ஏறியிருந்தவர்கள் தர்ஷினி, பவித்ரா என்று இரண்டு ஒண்ணாம் வகுப்பு வாண்டுகள். அவர்களையாவது ஆறாம் வகுப்பு வரைக்கும் கொண்டு சேர்க்க வேண்டுமே என்பதுதான் அவர் கவலை. நோயைப் பற்றிப் பேசும்போது கலங்காத கண் அப்போதுதான் கலங்கியது. எனக்கும் தாங்கவில்லை, மருந்து அலமாரியில் எதையோ தேடுகிற மாதிரி தலையை உள்ளே விட்டுக்கொண்டேன். முதுகுக்குப் பின்னால் அக்கா சொன்னது காதில் விழுந்தது: "பாதி வழியில புள்ளைய எறக்கி விட்டுட்டுப் போற பழக்கம் எனக்கு இல்ல மிஸ்ஸி."

பத்துமலை மொட்டை

மருந்து ஏறின வாரம் கோவிந்தன் அண்ணன் லோரிக்கு லீவு போட்டுவிட்டு வேன் ஓட்டுவார். உடம்பு தேறிய வாரங்களில் டாக்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி, மாஸ்க் போட்டுக்கொண்டு அக்காவே ஓட்டுவார். அண்ணன் ஓட்டுகிற வாரம் என்றால் பள்ளிக்கூடமே கதிகலங்கும். "அங்கிள் பிரேக்கு போட்டா நாங்க சிமெண்டு மூட்ட மாதிரி விழறோம்" என்று பிள்ளைகள் புகார் கொடுத்தார்களாம். இருபத்தைந்து வருஷம் சிமெண்டு ஏற்றின மனுஷன், பாவம்.

இரண்டாவது மருந்து முடிந்ததும் அக்காவுக்கு முடி கொத்துக் கொத்தாக வந்துவிட்டது. ஒரேயடியாக மழித்துவிட்டுத் தொப்பி போட்டுக்கொண்டு வேனில் ஏறியிருக்கிறார். தர்ஷினி விடுவாளா? "ஆன்டி, தொப்பிய கழட்டுங்க" என்று நச்சரித்திருக்கிறாள். கழற்றிக் காட்டி, "பத்துமலையில முருகனுக்கு வேண்டிக்கிட்டு மொட்ட போட்டேன்" என்று சமாளித்திருக்கிறார். பதினாலு பிள்ளைகளும் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்களாம்.

தர்ஷினி மட்டும், பத்துமலை மொட்டை தைப்பூசத்துக்குத்தானே என்று விரலை மடக்கி மாசத்தை எண்ணினாளாம். அவள் சொன்னதை அக்கா என்னிடம் நடித்தே காட்டினார்: "ஆன்டி, தைப்பூசம் எப்பவோ முடிஞ்சிருச்சு. முருகனுக்கே மறந்து போயிருக்கும் லா!"

செத்த எலி

மூன்று மருந்து முடிந்து ஸ்கேன் எடுத்தோம். நுரையீரல் புள்ளி கண்ணுக்குத் தெரியவில்லை. வயிற்றில் இருந்தவை சுருங்கியிருந்தன. டாக்டருக்கு முகமெல்லாம் வெளிச்சம். இப்போது ஆப்பரேஷன் செய்யலாம், கண்ணில் படுகிற எல்லாவற்றையும் எடுத்துவிட முடிந்தால் நாள் நீளுவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஆனால் பெரிய ஆப்பரேஷன், உத்தரவாதம் எதுவும் தரமாட்டேன் என்று சொன்னார். கையெழுத்துப் போடுகிற தாளை நான் எடுத்து நீட்டினேன்.

அந்த நேரம் பார்த்துச் செமினியிலிருந்து அக்காவின் நாத்தனார் வந்து சேர்ந்தார். கோவிந்தன் அண்ணனுக்கு மூத்தவர், குடும்பத்தில் அவர் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது. "கத்தி பட்டா காத்துப் பட்டு ஒடம்பெல்லாம் பரவிடும். கையெழுத்துப் போடாத பாக்கியம்" என்று ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார். இந்தப் பேச்சை நீங்களும் ஆயிரம் தடவை கேட்டிருப்பீர்கள். வெட்டுவதால் பரவாது, ஏற்கனவே பரவியதைத்தான் எடுக்கப் போகிறோம் என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். அந்தம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், என் யூனிஃபார்ம் சுருங்கிவிட்டது.

அக்கா பேனாவைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். போடமாட்டார் என்றே நினைத்தேன். அப்புறம் நாத்தனார் பக்கம் திரும்பினார். "அக்கா, வேனுக்குள்ள எலி செத்துக் கெடந்தா, சென்ட்டு மட்டும் அடிச்சிட்டுப் புள்ளைங்கள ஏத்துவீங்களா? எடுத்துத் தூக்கிப் போட வேணாமா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்தைப் போட்டார்.

டீச்சரின் திருத்தம்

எல்லாருக்கும் ஆப்பரேஷன் கிடையாது. அதையும் சொல்லாமல் விட்டால் நான் கதை அளக்கிறவள் ஆகிவிடுவேன். பங்சாரில் இருந்து மகேஸ்வரி டீச்சர் என்று ஒரு யாழ்ப்பாணத்து அம்மா வருவார், ஓய்வுபெற்றவர். நோய் ஒன்றுதான், ஆனால் அவருக்கு ஈரலுக்கும் எலும்புக்கும் போயிருந்தது. வெட்டினால் நன்மையைவிடச் சிரமம்தான் அதிகம் என்று டாக்டர் மாத்திரையோடு நிறுத்திக்கொண்டார். டீச்சருக்கு அதில் வருத்தம் இல்லை. நான் சுவரில் ஒட்டியிருந்த தமிழ் அறிவிப்பில் நாலு எழுத்துப்பிழை இருந்ததில்தான் வருத்தம். சிவப்புப் பேனாவால் திருத்திவிட்டு, கீழே பத்துக்கு ஆறு என்று மார்க்கும் போட்டிருந்தார்.

பாக்கியம் அக்காவும் டீச்சரும் எப்போதும் அடுத்தடுத்த நாற்காலிதான். ஆப்பரேஷனுக்கு முந்தின வாரம் அக்கா தயங்கித் தயங்கி, "எனக்கு மட்டும் செய்றாங்க, ஒங்களுக்கு இல்லன்னுட்டாங்களே டீச்சர்" என்றார். ஏதோ வரிசையில் முந்திக்கொண்டு போய்விட்ட மாதிரி அவருக்குக் கூச்சம். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "உமக்கு வெட்டு, எனக்குக் குளிசை. ரெண்டு பேரும் சோதனை எழுதுற பிள்ளையள்தான், பேப்பர்தான் வேற."

எல்லாம் போச்சு

இந்த இடத்தில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். பெரிய டாக்டருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தது நான்தான். ஆப்பரேஷன் முடிந்த நோயாளியிடம் கேட்பதற்கு மூன்றே கேள்விகள்: வலிக்குதா? சாப்பிட்டாச்சா? காத்து போச்சா? வயிற்று ஆப்பரேஷன் ஆனவருக்குக் காற்றுப் பிரிந்தால்தான் குடல் வேலை செய்கிறது என்று அர்த்தம். அதைக் கௌரவமாகக் கேட்பதற்கு எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை. மனுஷன் அதைப் பிடித்துக்கொண்டு, "காத்து போச்சா? காத்து போச்சா?" என்று வார்டு வார்டாக அலைவார்.

ஆப்பரேஷன் அன்று கோவிந்தன் அண்ணன் காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, அவர்களைத் திரும்ப அழைத்துவர ஒரு கூட்டாளியை ஏற்பாடு செய்துவிட்டு நேரே வந்துவிட்டார். எட்டரைக்கு அக்காவை உள்ளே கொண்டு போனார்கள். பதினொன்று ஆனது, ஒன்று ஆனது, இரண்டும் ஆனது. அண்ணன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எனக்குக் கிளினிக்கில் வேலையே ஓடவில்லை, சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன். இரண்டேகாலுக்குக் கதவு திறந்தது. பெரிய டாக்டர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், கட்டைவிரலை உயர்த்தி, சுத்தமான தமிழில், சத்தமாக அண்ணனிடம் சொன்னார். "எல்லாம் போச்சு!"

ஆறடி மனுஷன் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ பாக்கியம்!" என்று ஒரு கதறல். டாக்டர் வெலவெலத்துப் போனார். நான் பதறி ஆங்கிலத்தில் கேட்டால், 'ஆல் கோன்' என்பதைத் தமிழாக்கம் செய்தாராம்! காத்துப் போகலாம் என்றால் கட்டி போகக் கூடாதா என்பது அவர் இலக்கணம். கர்ப்பப்பை, சினைப்பை இரண்டு, கொழுப்புத் திரை, குடல்மேல் ஒட்டியிருந்த இரண்டு சின்னக் கட்டிகள், கண்ணுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். "போச்சு இல்ல டாக்டர், எடுத்தாச்சு! எடுத்தாச்சு!" என்று நான் கத்த, அவர் "எடுத்தாச்சு, எடுத்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே குனிந்து அண்ணனைத் தூக்கினார். மூன்று பேரும் நடைபாதையில் நின்று அழுதோமா சிரித்தோமா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணன் என்னிடம் சொன்னார்: "அவரு கத்திய மட்டும் புடிக்கட்டும் மிஸ்ஸி. தமிழ நீங்களே புடிச்சுக்குங்க."

எந்த டயரு?

மறுநாள் காலை டாக்டர் வார்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன், இனிமேல் அவரைத் தனியாக விடுவதாக இல்லை. அக்கா வலி மருந்தின் மயக்கத்தில் அரைக்கண் மூடிக் கிடந்தார். டாக்டர் குனிந்து அன்பாகக் கேட்டார், "காத்து போச்சா?"

அக்கா திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். "எந்த டயரு? முன்னாடியா பின்னாடியா? புள்ளைங்கள எறக்கியாச்சா?" என்று எழுந்திருக்கப் பார்த்தார். வயிற்றில் தையலோடு அந்தம்மாவைப் பிடித்துப் படுக்க வைப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. டாக்டர் என்னைப் பார்க்கிறார், நான் டாக்டரைப் பார்க்கிறேன். ஸ்கூல் வேன் டிரைவரிடம் காத்து போச்சா என்று கேட்டால் வேறு எதைத்தான் நினைப்பார்?

விஷயம் புரிந்ததும் தையலைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்க மிஸ்ஸி, வலிக்குது" என்று சிரித்தார். மூன்றாம் நாள் டாக்டர் வரும்போது கட்டில் காலியாக இருந்தது. கழிவறைக் கதவுக்குப் பின்னாலிருந்து வார்டே கேட்கிற மாதிரி ஒரு குரல் வந்தது: "டாக்டர், நாலு டயரும் போச்சு!"

தெரியலையாம்

மிச்ச மருந்தும் முடிந்து மறுபடி ஸ்கேன். எங்கள் வேலையில் 'குணமாயிற்று' என்று வாய் தவறிக்கூடச் சொல்லமாட்டோம். பரவிய நோய் அது, எந்த மூலையில் ஒளிந்திருக்கிறதோ. 'இப்போதைக்கு எதுவும் தெரியவில்லை' என்பதுதான் நாங்கள் கொடுக்கிற அதிகபட்ச வெற்றிக் கோப்பை. அதை நான் சந்தோஷம் தாங்காமல் போனிலேயே சொன்னேன். "ஸ்கேன்ல ஒண்ணும் தெரியலக்கா!"

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அக்கா வீட்டுக்காரரிடம் சொல்லி, அவர் பூச்சோங்கில் தம்பியிடம் சொல்லி, தம்பி செமினிக்குப் போன் போட்டபோது செய்தி திரிந்துவிட்டது. மறுநாள் காலை நாத்தனார் பெரிய கைப்பையோடு என் கவுண்ட்டர் முன்னால் நிற்கிறார். "இத்தன மாசம் பாத்துட்டு டாக்டருக்கு ஒண்ணும் தெரியலையாமே?" என்று அவர் கேட்ட கேள்வியில் கிளினிக்கே திரும்பிப் பார்த்தது. டாக்டருக்குத் தெரியாமல் இல்லை அம்மா, நோய்தான் கண்ணுக்குத் தெரியவில்லை என்று நான் விளக்க விளக்க, அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "தெரியலன்னா சொல்லுங்க, தெரிஞ்ச டாக்டரா பாத்துக் கூட்டிட்டுப் போறோம்லா!"

அஞ்சாவது மாடி

அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அக்கா வந்து போனார். முடி சுருள் சுருளாக முளைத்தது. ஸ்கேன் நாளில் மட்டும் சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். டீச்சர் ஒன்றரை வருஷம் இருந்தார், டாக்டர் பயந்ததைவிட அதிகம்தான். அவர் போன பிறகு அக்கா அந்த நாற்காலியில் தன் பையை வைத்துக்கொள்வார், யாரையும் உட்கார விடமாட்டார். நானும் அந்தப் பத்துக்கு ஆறைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை.

நாலாவது வருஷத்துக்கு அக்கா வைத்த பெயர் 'மூணு ஏ வருஷம்'. அதுவும் நல்லபடியாகக் கடந்தது. ஆனால் வேன் காலியாகிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு வருஷமும் ஆறாம் வகுப்பு முடித்துப் பிள்ளைகள் இறங்கினார்கள், ஒண்ணாம் வகுப்பில் யாரையும் ஏற்றவில்லை. பதினாலு பதினொன்றானது, எட்டானது, அப்புறம் நாலானது. ஒவ்வொரு தடவையும் நான் கேட்பேன், "ஒண்ணாம் வகுப்புல ஏத்தலாமேக்கா?" ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டிவிடுவார். ஸ்கேன் என்ன சொன்னாலும் அந்தம்மா மனசுக்குள் தனக்குப் போட்டுக்கொண்ட கணக்கு வேறு என்று எனக்குப் புரியும். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

போன வாரம் ஐந்தாவது வருஷ ஸ்கேன் முடிவுக்கு வந்தார். வேனில் மிச்சம் தர்ஷினியும் பவித்ராவும் மட்டும்தான், இருவரும் இப்போது ஆறாம் வகுப்பு. இன்னும் சில வாரத்தில் அவர்களும் இறங்கிவிடுவார்கள். டாக்டர் படத்தைப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பி அனுமதி கேட்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தமிழிலேயே சொன்னார். "ஒண்ணும் தெரியல. எனக்குத் தெரியும். நோய் தெரியல." ஐந்து வருஷத்தில் மனுஷன் எவ்வளவு தேறிவிட்டார்!

அக்கா கண்ணை மூடிக் கும்பிட்டார். அப்புறம் கைப்பையிலிருந்து போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். ஆறு வயதுப் பெண் குழந்தை, முன்பல் இரண்டு இல்லை, முதுகில் அவளைவிடப் பெரிய பள்ளிப் பை. "யாருக்கா இது, சொந்தமா?" என்றேன். இல்லையாம். பெயர் மிதுலா. அன்றைக்குப் போனில் இடம் கேட்டுக் கிடைக்காமல் போன அந்தத் தாயின் இரண்டாவது மகள். முந்தின நாள் சாயங்காலம், ஸ்கேன் முடிவு வருவதற்கு முன்னாலேயே, அக்கா சரி என்று சொல்லியிருக்கிறார். முடிவு வருவதற்கு முன்னாலேயே! எனக்கு அதைக் கேட்டதும் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது, இந்தத் தடவை மருந்து அலமாரிக்குள் தலையை விடவில்லை.

டாக்டர் வழக்கம்போல எச்சரிக்கையாக, வருங்காலத்தைப் பற்றி நான் எதுவும் உறுதி சொல்ல முடியாது என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். அக்கா கையை உயர்த்தி எங்கள் இரண்டு பேரையும் நிறுத்தினார்: "ஒண்ணாம் வகுப்புப் புள்ளைய ஏத்திட்டேன் டாக்டர். ஆறு வருசத்துக்கு எறக்கி விடமாட்டேன், நீங்களும் மிஸ்ஸியும் அதுக்குத் தகுந்த மாதிரி வேலைய பாத்துக்குங்க."

நான் ஓய்வுபெற இன்னும் மூன்று வருஷம் ஒன்பது மாதம்தான் இருக்கிறது என்பதை அந்தம்மாவிடம் சொல்கிற தைரியம் உங்களில் யாருக்காவது இருந்தால், தயவுசெய்து வந்து சொல்லிவிட்டுப் போங்கள், பாயசம் நான் போடுகிறேன்.